நன்கொடையா, ஒப்பந்தமா? விண்ணப்பப் படிவத்தின் இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: அட்லாண்டாவில் கணக்காளராக இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலாளராக இருந்தவர் ஒரு கறுப்பினப் பெண்மணி. எனக்கு அக்கா மாதிரி. வங்கி கவுண்ட்டரில் தொடங்கி 31 ஆண்டுகளில் துணைத் தலைவர் வரை உயர்ந்தவர். ஓய்வு பெற்றதும், தன்னைப் போன்ற பெண்கள் மேலே வரவேண்டும் என்று ஓர் அறக்கட்டளை தொடங்கினார். நான் பொருளாளர். ஆண்டுக்கு ஐந்து கறுப்பினப் பெண்களுக்குத் தலா 10,000 டாலரும் ஓராண்டு வழிகாட்டுதலும் தருகிறோம். இது இனப் பாகுபாடு, 14 நாளில் நிறுத்தாவிட்டால் வழக்கு என்று இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. எங்களிடம் விண்ணப்பிக்காதவர்கள் எப்படி வழக்குப் போட முடியும்? கடைசி வரை போராடுவோம் என்கிறார் அக்கா. என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி அவர் பட்ட அவமானங்கள். தான் பயிற்சி கொடுத்த ஆண்கள் தனக்கே மேலதிகாரியாக வந்தது வரை எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் நம்புகிறேன். ஆனால் இந்த வழக்கில் அவற்றுக்கு இடமில்லை. நீங்கள் இணைத்திருந்த விண்ணப்பப் படிவத்தின் இரண்டாம் பக்கம்தான் வழக்கே. தேர்வாகும் பெண் தன் பெயரையும் படத்தையும் அறக்கட்டளையின் விளம்பரத்துக்குப் பயன்படுத்த அனுமதி தருகிறார், இரண்டு கூட்டங்களில் பேச ஒப்புக்கொள்கிறார் என்று அதில் இருக்கிறது. பணத்துக்குப் பதிலாக இப்படி ஒன்றைக் கேட்டு வாங்கினால் அது நன்கொடை அல்ல, ஒப்பந்தம். ஒப்பந்தம் செய்வதில் இனம் பார்க்கக் கூடாது என்பது 1866-ஆம் ஆண்டுச் சட்டம். இன்று அதை 1981-ஆம் பிரிவு என்கிறோம் (அது ஆண்டு அல்ல, சட்டத் தொகுப்பில் அதன் எண்).

அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களுக்காக வந்த சட்டத்தை அவர்களுடைய பேத்திகள் மேலேயே பாய்ச்சுவதா என்று அக்கா கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் வலிக்கிறது. ஆனால் இந்தச் சட்டம் வெள்ளையரையும் காக்கும் என்று 1976-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பை எழுதியவர், அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி தர்குட் மார்ஷல். அந்த வாதத்தை இன்று எடுத்துப் பயனில்லை.

உங்கள் ஊர் முதலீட்டு நிறுவனமான ஃபியர்லெஸ் ஃபண்ட் மேல் வந்த வழக்கு நினைவிருக்கும். கறுப்பினப் பெண்கள் நடத்தும் தொழில்களுக்குப் போட்டி வைத்து 20,000 டாலர் கொடுத்தார்கள். 2023 ஆகஸ்டில் ஓர் அமைப்பு தன் உறுப்பினர்கள் சார்பில் வழக்குப் போட்டது. வென்றவர்களின் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்ளும் விதி அங்கேயும் இருந்தது. 2024 ஜூன் 3 அன்று, ஜார்ஜியாவும் அடங்கிய வட்டாரத்துக்கான 11-வது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அது ஒப்பந்தம்தான் என்று சொல்லி போட்டிக்கு இடைக்காலத் தடை விதித்தது. விண்ணப்பிக்காதவர்கள் வழக்குப் போடலாமா என்ற உங்கள் கேள்வியும் அங்கே எழுந்து தோற்றது. விண்ணப்பிக்கத் தயாராக இருந்தோம் என்று பெயர் சொல்லாத உறுப்பினர்கள் சார்பில் சொன்னதே போதும் என்றார்கள். செப்டம்பரில் சமரசமாகி, அந்தப் போட்டியை மூடினார்கள். ஜார்ஜியாவில் இருக்கிற உங்களை இந்தத் தீர்ப்பு நேராகக் கட்டுப்படுத்துகிறது.

ஆகவே போராட வேண்டாம். விதியை மாற்றுங்கள். 2023-இல் பெர்கின்ஸ் கூயி, மாரிசன் ஃபோர்ஸ்டர் என்ற இரண்டு பெரிய சட்ட நிறுவனங்கள் மேல் இதே போன்ற வழக்கு வந்தபோது, பயிற்சித் திட்டத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். வழக்குகள் திரும்பப் பெறப்பட்டன. வழக்கு முற்றித் தீர்ப்பில் தோற்றால் எதிர்த்தரப்பு வக்கீல் செலவும் உங்கள் தலையில் விழும். தீர்ப்புக்கு முன் நீங்களாகவே மாற்றி வழக்கு முடிந்துபோனால் அந்தச் செலவு விழாது. இடைக்காலத் தடை வாங்கியதாலேயே ஒருவர் வென்றவர் ஆகிவிட மாட்டார் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஐந்து பெண்களுக்குப் போகவேண்டிய 50,000 டாலர் வக்கீல்களுக்குப் போவதை அக்காவும் விரும்பமாட்டார்.

நான் பயப்படுவது இதற்குப் பிறகு நடப்பதைப் பற்றித்தான். என்னிடம் வந்தவர்கள் பலர் சறுக்கியதும் அங்கேதான். நோட்டீஸ் வந்த இரவே இணையதளத்தைத் திருத்துவார்கள், வாட்ஸ்அப் குழுவை அழிப்பார்கள். வழக்கு வரும் என்று தெரிந்தபின் எதை அழித்தாலும் நீதிபதி அதை உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளக்கூடும். இப்போதிருக்கும் பக்கங்களை, மின்னஞ்சல்களை, குறுஞ்செய்திகளை அப்படியே எடுத்து வையுங்கள். திருத்துவது அதற்குப் பிறகு.

அடுத்தது இன்னும் மோசம். படிவத்தில் "அனைவரும் விண்ணப்பிக்கலாம்" என்று போட்டுவிட்டு, "கவலைப்படாதீர்கள், எடுப்பது நம் பெண்களைத்தான்" என்று யாராவது ஒருவர் எழுதுவார். அன்பினால் எழுதியதுதான். விசாரணையில் அந்த ஒரு வரியை எதிர்த்தரப்பு கேட்டு வாங்கும், அதற்குப் பிறகு சமரசம் பேச யாரும் வரமாட்டார்கள். இந்த 1981-ஆம் பிரிவில், முடிவெடுத்தவர்கள் மேல் தனிப்பட்ட முறையிலும் வழக்குப் போட முடியும். காசோலையில் கையெழுத்து உங்களுடையது. திறப்பதென்றால் மனதாரத் திறக்க வேண்டும். வெள்ளைக்காரப் பெண்ணோ தமிழ்ப் பெண்ணோ அந்த ஆண்டில் சிறந்தவராக இருந்தால் அவருக்குக் கொடுக்க அக்கா தயாரா? இதை முதலில் அவரிடம் கேளுங்கள். தயாரில்லை என்றால் திட்டத்தை மூடிவிட்டு வேறு வழி பாருங்கள்.

வேறு வழிகள் இருக்கின்றன. கறுப்பினப் பெண்களுக்காகத் தொடங்கிய ஸ்பெல்மன் கல்லூரி உங்கள் ஊரில்தான் 1881 முதல் நடக்கிறது. அங்கே போய் அறிவிப்பதையோ, கறுப்பினப் பெண்கள் சங்கங்களில் பேசுவதையோ இந்தச் சட்டம் தடுக்கவில்லை. குடும்பத்தில் முதன்முதலாக அலுவலக வேலைக்கு வந்தவர், பாகுபாட்டைத் தாண்டி வந்ததைத் தன் அனுபவமாக எழுதக்கூடியவர் என்று தகுதி வைக்கலாம். எந்த இனத்தவருக்கும் அது பொருந்தவேண்டும். அக்கா தன் சொந்தப் பணத்தை, எந்த நிபந்தனையும் எழுதாமல், தனக்குப் பிடித்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்தால் அது ஒப்பந்தமே அல்ல. 2025-இல் ஒருவருக்கு 19,000 டாலர் வரை கொடைவரிக் கணக்கும் காட்டவேண்டாம் என்பது உங்களுக்கே தெரியும்.

அறக்கட்டளைக்கு இயக்குநர் பொறுப்புக் காப்பீடு (நிர்வாகிகள் மேல் வழக்கு வந்தால் செலவை ஏற்பது) இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், இந்த நோட்டீஸையே ஒரு கோரிக்கையாக எடுத்துக்கொள்ளும் பாலிசிகள் உண்டு. பாலிசிக் காலத்துக்குள் தெரிவிக்காவிட்டால் பின்னால் வரும் வழக்குச் செலவைக் கொடுக்க மறுப்பார்கள். நாளைக் காலையிலேயே நோட்டீஸின் நகலைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள். 14 நாள் முடிவதற்குள் ஜார்ஜியா வக்கீல் ஒருவர் மூலம் பதில் போகட்டும். அதுவரை அக்கா எந்தப் பேட்டியும் கொடுக்க வேண்டாம்.