ஆடி முழுக்க நின்ற ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் மோட்டாரை மாற்றத்தான் வேண்டுமா?

இப்போதைக்கு வேண்டாம் அண்ணாச்சி. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் கல்யாண மண்டபம், 30 கேவிஏ டீசல் ஜெனரேட்டர், ஆடி முழுக்க ஓட்டவில்லை, சாவியைத் திருப்பினால் டக் டக் டக்கென்று சத்தம் மட்டும் வருகிறது, வந்து பார்த்தவர் செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்குப் பேட்டரி மேல்தான் சந்தேகம். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வட்டாரத்தில் ஜெனரேட்டர் பார்ப்பதுதான் என் தொழில். ஆவணி பிறந்ததும் மண்டபக்காரர்களிடமிருந்து வரும் போன் பெரும்பாலும் இதற்குத்தான்.

ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் பூட்டிக் கிடக்கும். நம் மலையோரத்தில் சாரலும் ஈரக்காற்றும் அடிக்கிற காலமும் அதுவேதான். ஓடாமல் நிற்கும் பேட்டரி தானாகவே இறங்கும். கன்ட்ரோல் பேனலும் விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். டேங்க் பாதி காலியாக இருந்தால் உள்ளே இருக்கிற ஈரம் இரவுக் குளிரில் தண்ணீராகி டீசலுக்கு அடியில் போய்த் தங்கும். ஜெனரேட்டர் நின்ற ஒரு மாதத்தில் இத்தனையும் நடந்திருக்கும்.

கை வைக்கும் முன் பேனலை ஆஃபில் போடுங்கள். ஆட்டோவில் இருந்தால், ஈபி கரண்ட் போன நொடியில் இன்ஜின் தானே சுற்றும். ஃபேன் பக்கம் கை இருந்தால் விரல் போய்விடும். பேட்டரி பக்கத்தில் பீடி, தீக்குச்சி எதுவும் வேண்டாம், அதிலிருந்து வரும் வாயு வெடிக்கும்.

முதலில் டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருந்தால் நெகட்டிவை முதலில் கழற்றி, வெந்நீர் விட்டுத் தேய்த்து, துடைத்து, இறுக்கி மாட்டுங்கள். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. பிறகு மல்டிமீட்டர். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். பேனலைத் திரும்ப மேனுவலில் போட்டு, ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் பேட்டரி முனையிலேயே மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். 9.5க்குக் கீழே விழுந்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது அதன் ஆயுள் முடிந்தது. முழுக்கச் சார்ஜ் ஏற்றி மறுபடி பாருங்கள். அப்போதும் விழுந்தால் மாற்ற வேண்டியது பேட்டரியைத்தான். 12க்குப் பக்கத்திலேயே நின்று, ஒரே ஒரு டக் மட்டும் கேட்டால் முதலில் கேபிள், எர்த் இணைப்பு, சொலினாய்டு (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடும் காந்த சுவிட்ச்), அதற்கப்புறம்தான் செல்ஃப் மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். உங்களுக்குச் சொன்னவர் இந்தச் சோதனையைச் செய்தாரா என்று கேளுங்கள். சத்தமே வரவில்லை என்றால் சிவப்பு எமர்ஜென்சி பட்டன் அமுங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். மண்டபத்தில் பிள்ளைகள் விளையாட்டாக அமுக்கிவிட்டுப் போவார்கள்.

பேட்டரி சரியானதும் இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் புகைக்குழாயைப் பாருங்கள். புகையே இல்லையா, டீசல் போய்ச் சேரவில்லை. முதலில் ஃபில்டருக்கு அடியில் உள்ள தண்ணீரை இறக்குங்கள். அடுத்து ஃபில்டர் மேல் உள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் சீராக வரும்வரை கைப்பம்பை அடித்து, மூடுங்கள். ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். நடுவில் அரை நிமிஷமாவது விடுங்கள். நல்ல செல்ஃப் மோட்டார் கருகுவது இந்த அவசரத்தில்தான். ஏர் கிளீனரில் பெட்ரோல் துணியைக் காட்டி ஸ்டார்ட் பண்ணுகிற பழக்கம் நம் பக்கம் உண்டு. தயவுசெய்து அதை அனுமதிக்காதீர்கள். தீப்பிடிக்கும், பிஸ்டனும் உடையும்.

இந்த வைத்தியம் எதுவும் வெள்ளத்தில் முங்கிய ஜெனரேட்டருக்குப் பொருந்தாது. 2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி ஊருக்குள் வந்தது போல மறுபடி வந்தால், தண்ணீர் வடிந்ததும் சாவியைத் தொடக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆயில் பால் போல வெளுத்திருக்கிறதா என்று ஸ்டிக்கை உருவிப் பார்த்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் சந்தோஷத்தில் உடனே அணைக்காதீர்கள். சேஞ்ச் ஓவரை (ஈபி, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் மண்டபத்துக்குக் கொடுக்கும் சுவிட்ச்) ஜெனரேட்டர் பக்கம் தள்ளி, மணமகள் அறை ஏசி, போர் மோட்டார், ஃபேன் எல்லாம் போட்டு அரை மணி நேரம் ஓட்டுங்கள். மூன்றில் ஒரு பங்கு லோடாவது வேண்டும், உங்கள் மெஷினுக்கு 8 கிலோவாட் அளவு. லோடில்லாமல் ஓட்டினால் டீசல் முழுசாக எரியாது, சைலன்ஸரில் கரி பிடிக்கும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் நேராக வயரிங்கில் கொடுத்திருந்தால், முகூர்த்தத்துக்கு முன் முதல் வேலையாக அதைப் போடுங்கள். உங்கள் கரண்ட் லைனுக்குத் திரும்பிப் போனால் கம்பத்தில் நிற்கிற லைன்மேன் உயிர் போகும்.

மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று இங்கேயே எழுதுங்கள், அடுத்து என்ன பார்க்கலாம் என்று சொல்கிறேன்.