அலைச்சறுக்குப் பலகையில் லீஷ் கயிற்றைக் கழன்றுவிடாமல் கட்டுவது எப்படி?

புதிதாக போர்டு வாங்கியிருப்பதாகவும், லீஷ் (பலகையை உங்கள் காலோடு இணைக்கும் நீண்ட கயிறு) பலகையோடு சேரும் இடத்தில் உள்ள சின்னக் கயிறு அலையில் அவிழ்ந்துவிடுமோ என்று பயமாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சரியாகக் கட்டினால் அவிழாது. ஆனால் அந்தக் கயிறு ஒரு விரற்கடை நீளமாகிவிட்டால், அவிழாமலே பலகையை அறுத்துவிடும். என் கண்ணெதிரே நடந்தது அது.

எனக்குச் சொந்த ஊர் குமரிக் கடற்கரை. அப்பா கட்டுமரத்தில் போனவர். இப்போது தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் குடியிருக்கிறேன். வீட்டுக்காரத் தாத்தா இளைஞராக இருந்தபோது, நிறவெறி ஆட்சியில், இங்குள்ள நார்த் பீச் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்தான். நம் ஆட்களுக்கென்று தனியாக ஒதுக்கிய துண்டுக் கரையில்தான் கால் நனைக்க வேண்டும். 1989 நவம்பரில்தான் கடற்கரைகளை எல்லாருக்கும் திறந்துவிடுவதாக அன்றைய அதிபர் டி கிளர்க் அறிவித்தார். அந்தத் தாத்தாவின் பேத்தி இன்று அதே நார்த் பீச்சில் போர்டு மேல் நிற்கிறாள். ஞாயிறு காலையில் அவர் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து, கண் இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அவளுக்குப் பழைய ஃபைபர் கிளாஸ் போர்டு ஒன்று வாங்கினோம். கயிறு ஏற்கெனவே கட்டியிருந்தது, நானும் சோதித்துப் பார்க்கவில்லை. மூன்றாவது வாரம் பெரிய அலை ஒன்று போர்டை வெடுக்கென்று இழுத்தது. கரைக்கு வந்ததும், "அண்ணா, இங்க பாருங்க" என்று வாலைத் திருப்பிக் காட்டினாள். அவித்த முட்டையை நூலால் அறுத்த மாதிரி, வால் விளிம்பில் இரண்டு விரல் ஆழத்துக்குக் கயிறு இறங்கியிருந்தது. உள்ளே வெள்ளை நுரை தெரிந்தது, அதில் தண்ணீரும் ஏறிவிட்டது. நாள்கணக்கில் காயவைத்து, ரெசின் பூசித்தான் மறுபடி கடலில் இறக்க முடிந்தது.

காரணம் எளிது. போர்டின் வால் பக்கம், மேல்புறத்தில் ஒரு சின்னக் குழி இருக்கும். அதுதான் பிளக். அதன் குறுக்கே ஒரு கம்பி. கம்பியில் மாட்டுவது மெல்லிய கயிறு. அந்தக் கயிற்றில் மாட்டுவது அகலமான வெல்க்ரோ பட்டை. அந்தப் பட்டையிலிருந்துதான் லீஷ் ஆரம்பிக்கிறது. லீஷ் இழுபடும்போது வால் விளிம்பில் அழுந்த வேண்டியது அகலமான பட்டை. கயிறு நீளமாக இருந்தால் பட்டைக்குப் பதில் கயிறே விளிம்பில் உட்கார்ந்துவிடும். பிறகு ஒவ்வொரு இழுப்பும் ஒரு அறுப்புதான். "கயிறு எங்க தேயுதோ அங்கதான் போகும், முதல்ல அந்த இடத்தைப் பாரு" என்பார் அப்பா. இங்கே தேய்வது கயிறில்லை, பலகை. ஆனாலும் பார்க்க வேண்டிய இடம் அதேதான்.

இனி கட்டும் விதம். கயிற்றை இரண்டாக மடித்து, இரு நுனிகளையும் சேர்த்து இரட்டை முடிச்சாகப் போட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்குங்கள். நைலான் நுனியை லைட்டரில் லேசாகக் காட்டினால் பிரியாது. மடிந்த பக்கத்தைக் கம்பிக்கு அடியில் நுழைத்து மறுபக்கம் எடுங்கள். குழி குறுகலாக இருந்து விரல் போகாவிட்டால், பேப்பர் கிளிப்பை வளைத்துக் கொக்கியாக்கி இழுக்கலாம். வெளியே வந்த அந்தக் கண்ணிக்குள் முடிச்சுள்ள முனையை விட்டு இழுத்தால் கம்பியைச் சுற்றிச் சுருக்கு விழும். இழுக்க இழுக்க இறுகும் சுருக்கு இது. கயிற்றைக் கம்பியில் சும்மா கோத்து நுனியில் மட்டும் முடிச்சுப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிக் கட்டினால் கயிறு கம்பியில் ஓடிக்கொண்டே இருக்கும், தேயும். வேண்டாம்.

இறுக்கியபின் கயிற்றை வாலை நோக்கி நீட்டிப் பாருங்கள். விளிம்புக்கு முன்னாலேயே முடிய வேண்டும். விளிம்பைத் தொட்டாலே நீளம் அதிகம் என்று அர்த்தம். அவிழ்த்து, குறைத்து, மறுபடி கட்டுங்கள். சோம்பல்பட வேண்டாம்.

பிறகு வெல்க்ரோ பட்டையைப் பிரித்து, உள்பட்டையைக் கயிற்றின் கண்ணிக்குள் விட்டு மடித்து அழுத்துங்கள். அதன் மேல் வெளிப்பட்டை. மணல் ஒட்டியிருந்தால் வெல்க்ரோ பிடிக்காது, அலசிவிட்டு ஒட்டுங்கள். கடைசியாக, போர்டை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு லீஷை மறுகையால் பலமாக இழுத்துப் பாருங்கள்.

காலில் கட்டுவது பின்னங்காலில்: இடது காலை முன்வைத்து நிற்பவருக்கு வலது கணுக்கால். லீஷ் காலுக்கு வெளிப்புறமாகவோ பின்பக்கமாகவோ கிளம்பட்டும், உள்பக்கம் இருந்தால் கால் தட்டும். லீஷின் நீளம் ஏறக்குறைய போர்டின் நீளமே. ஆறடி போர்டுக்கு ஆறடி. குட்டையாக இருந்தால் போர்டு சுண்டித் திரும்பி உங்கள் மேலேயே வரும். அலைச்சறுக்கு உடைகள் செய்யும் ஓ'நீல் நிறுவனத்தைத் தொடங்கிய ஜாக் ஓ'நீல் ஒரு கண்ணை இழந்தது அப்படித்தான்: 1970களின் தொடக்கத்தில் லீஷ் சுண்டி இழுத்த போர்டு அடித்துவிட்டது. விழுந்தால் கைகளால் முகத்தை மூடிக்கொண்டு மேலே வாருங்கள். தாத்தாவின் பேத்திக்கு இதை நூறு முறையாவது சொல்லியிருப்பேன்.

லீஷ் இருக்கிறதே என்று நீச்சல் தெரியாமல் ஆழத்துக்குப் போகாதீர்கள். இதே தென்னாப்பிரிக்காவில், 2015 ஜூலையில் ஜெஃப்ரீஸ் பே போட்டியில் அலைச்சறுக்கு வீரர் மிக் ஃபேனிங்கைச் சுறா தாக்கியபோது அவர் லீஷ் துண்டாகிவிட்டது. போர்டு இல்லாமல் நீந்தித்தான் மீட்புப் படகுக்குக் காத்திருந்தார்.

லீஷை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிடுங்கள், போர்டைச் சுற்றி இறுக்கிக் கட்டி வைக்காதீர்கள். சின்னக் கயிற்றில் ஓர் இழை பிசிறினாலும் உடனே மாற்றுங்கள், அதன் விலை அற்பம். நாங்கள் பையில் எப்போதும் இரண்டு வைத்திருக்கிறோம்.