கீரியை விடுங்கள், மகனின் சிறுநீரைக் கவனியுங்கள்

கேள்வி: போன கிழமை பெய்த மழையில் எங்கள் ஒழுங்கையில் வெள்ளம் நின்றது. 19 வயது மகன் வெறுங்காலோடு கானைத் துப்புரவாக்கினான். முந்தாநாளிலிருந்து காய்ச்சல், கெண்டைக்கால் வலி. வீட்டில் மிச்சமிருந்த டொக்சிசைக்ளின் (கிருமிகளைக் கொல்லும் மருந்து) மாத்திரை இரண்டு கொடுத்தேன். காட்டு விலங்குகளைச் சோதித்தபோது எலிக்காய்ச்சல் கிருமி இருந்ததாக இணையத்தில் வாசித்தேன். வளவுக்கு வரும் கீரியையும் கூரைக்குள் இருக்கும் மரநாயையும் பிடித்துச் சோதிக்கலாமா? - வாசகி, வெள்ளவத்தை

பதில்: மகனை இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், அம்மா. வெள்ளத்தில் நின்று சில நாட்களில் காய்ச்சல், அதோடு கெண்டைக்கால் வலி என்றால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்றே நாங்கள் எடுத்துக்கொள்வோம். கொழும்பில் டெங்கையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நான் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: சிறுநீர் குறைவது. இந்தக் கிருமி சிறுநீரகத்தைத் தாக்கும். காலையிலிருந்து எத்தனை தரம் போனான், எவ்வளவு போனான் என்று மகனிடமே கேளுங்கள். வழக்கத்தைவிடக் குறைந்திருந்தாலோ, கடும் தேநீர் நிறத்தில் போனாலோ அதை வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கண் மஞ்சளாகட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள். காய்ச்சல் விட்டதும் சுகமாகிவிட்டது என்று நினைப்பதும் ஆபத்து. எலிக்காய்ச்சலிலும் டெங்கிலும் அதன் பிறகுதான் சிலருக்கு நிலைமை மோசமாகிறது. மூச்சு வாங்கினால், இருமலில் இரத்தம் வந்தால், 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். வயலில் இறங்குபவர்களுக்கு முன்கூட்டியே வாரம் ஒருதரம் டொக்சிசைக்ளின் கொடுப்பது தடுப்புக்காக. நோய் வந்தவருக்கு அளவும் நாட்களும் வேறு. சிலருக்கு ஊசி மருந்தே தேவைப்படும். மிச்ச மாத்திரை இரண்டைப் போட்டுவிட்டு வீட்டிலிருந்து பார்த்தால் வீணாவது நாள்தான். அந்த அட்டையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். வலிக்கு டைக்ளோபெனாக், இபுபுரோபன் எதுவும் வேண்டாம். டெங்கு என்றால் இரத்தக்கசிவு கூடும், சிறுநீரகத்துக்கும் கெடுதி. பனடோல் மட்டும், அதுவும் அளவோடு.

கீரியும் மரநாயும் இருக்கட்டும். விலங்கின் இரத்தத்தில் எதிர்ப்புப்பொருள் (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருள்) இருந்தால், எப்போதோ அதற்குக் கிருமி தொற்றியது என்று மட்டும்தான் அர்த்தம். சிறுநீரகத்திலோ சிறுநீரிலோ கிருமியின் மரபணு கிடைத்தால்தான் அது இப்போது கிருமியைச் சுமக்கிறது என்று சொல்லலாம். எலி தனக்கு எந்த நோயும் காட்டாமல் மாதக்கணக்கில் சிறுநீரில் கிருமியை வெளியேற்றும். நாய்க்கும் மாட்டுக்கும்கூட இது தொற்றும். எந்த விலங்கிலிருந்து மனிதருக்குப் பரவுகிறது, எந்தப் பகுதியில் கவனமாக இருக்க வேண்டும் என்று அறிய ஆய்வாளர்களுக்கு அந்தச் சோதனை வேண்டும். 2008-இல் இலங்கை முழுவதும் 7,000 பேருக்கு மேல் எலிக்காய்ச்சல் சந்தேகிக்கப்பட்ட பிறகு அதன் அவசியம் எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் உங்கள் கீரியின் முடிவு எதுவாக இருந்தாலும் மகனின் சிகிச்சை மாறாது. கிருமி வந்தது பெரும்பாலும் அந்தக் கான் தண்ணீரிலிருந்து, காலில் இருந்த சிறு கீறல் வழியாக. கூண்டு வைத்துப் பிடிக்கப் போய்க் கடி வாங்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் "காய்ச்சல்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், "வெள்ளத்தில் வெறுங்காலோடு நின்றான்" என்பதையும் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலுக்கான எதிர்ப்புப்பொருள் இரத்தத்தில் தெரியச் சில நாட்களாகும். முதல் பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும் வைத்தியர் மருந்தைத் தொடங்கினால் மறுக்காதீர்கள்.