மனிதர்களை விண்வெளிக்கு அனுப்புவதில் உண்மையிலேயே கடினமானது எது? ராக்கெட்டா, தூரமா?

ராக்கெட்தான் என்று நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். 2013 ஜூலை 16 அன்று நடந்ததைப் படித்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது.

இத்தாலியரான லூக்கா பார்மிட்டானோ அன்று சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்தார். திடீரென்று பின்மண்டையில் ஈரம் தட்டுப்பட்டது. உடையைக் குளிர்விக்கும் தண்ணீர் ஹெல்மெட்டுக்குள் கசிந்துகொண்டிருந்தது. பூமியில் என்றால் கழுத்து வழியாக வழிந்து சட்டையை நனைத்திருக்கும், அவ்வளவுதான். அங்கே தண்ணீருக்குக் 'கீழே' என்று ஒரு திசையே கிடையாது. தொட்ட இடத்தில் பசை மாதிரி ஒட்டிக்கொண்டு, தலையைச் சுற்றிப் பரவி, காதை அடைத்து, கண்ணை மறைத்து, கடைசியில் மூக்கையும் மூடிவிட்டது. கையை விட்டுத் துடைக்க வழியில்லை. வெளிச்சமும் போய்விட்டது. இடுப்பில் பிணைத்திருந்த பாதுகாப்புக் கம்பி எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை வைத்தே தடவித் தடவி வாசலுக்கு வந்து சேர்ந்தார். காற்றிலிருந்து நீரைப் பிரிக்கும் கருவியில் சிறு துளைகள் அடைத்துக்கொண்டதுதான் காரணம். அப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா? ஹெல்மெட்டின் பின்பக்கம் ஈரத்தை உறிஞ்ச ஒரு பட்டையும், தண்ணீர் முகத்தை மூடினால் உடைக்குள் கீழே இருக்கும் காற்றை இழுத்துக்கொள்ள ஒரு குழாயும் வைத்தார்கள்!

அங்கே ஈர்ப்பு விசை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். 400 கிலோமீட்டர் உயரத்திலும் தரையில் இருப்பதில் சுமார் 90 சதவீதம் இருக்கிறது. மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே நிலையமும் ஆட்களும் சேர்ந்து விழுந்துகொண்டிருப்பதால்தான் எடை தெரிவதில்லை.

எடை போனால் கூடவே எதெல்லாம் போகிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். சூடான காற்று மேலே எழும்பாது. மின்விசிறி ஓடாவிட்டால், தூங்குகிறவர் விட்ட மூச்சு அவர் முகத்தைச் சுற்றியே தேங்கி நிற்கும். உடலின் நீர்மம் தலைப்பக்கம் ஏறி முகம் வீங்குகிறது, கால் மெலிகிறது, சிலருக்குப் பார்வையே மாறுகிறது. உடற்பயிற்சி போதாவிட்டால் இடுப்பெலும்பு போன்றவற்றின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் குறையும். அதற்காகவே தினமும் ஏறக்குறைய 2 மணி நேரம் பயிற்சி செய்கிறார்கள்.

கதிர்வீச்சும் பெரிய பிரச்சினைதான். அதற்குத் தனிப் பதிலே எழுத வேண்டும்.

சரி, தூரத்துக்கு வருகிறேன். பார்மிட்டானோ ஈரம் என்று சொன்னதும் தரையிலிருந்தவர்கள் உடனே கேட்டார்கள், பேசி முடிவெடுத்துத் திரும்பச் சொன்னார்கள். செவ்வாயை நெருங்கிவிட்ட கலத்திலிருந்து ஒருவர் அதையே சொன்னால், அந்தச் சொல் பூமிக்கு வந்து சேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகும். "உள்ளே வா" என்ற பதில் போய்ச் சேர இன்னும் அவ்வளவு நேரம்.