ஐந்து ஆட்டம் பாக்கி: கோச்சை இப்போது மாற்றலாமா?

கேள்வி: மன்னார்குடி வட்டாரத்தில் சங்கமாகப் பதிவு செய்த ஒரு கால்பந்துக் கழகத்தின் செயலாளர் நான். பொங்கல் முடிந்து தொடங்கிய லீக்கில் 8 அணிகள், ஓர் அணிக்கு 14 ஆட்டம். எங்களுக்கு 9 முடிந்துவிட்டது. 1 வெற்றி, 4 டிரா, 4 தோல்வி என்று 7 புள்ளியோடு ஏழாவது இடத்தில் இருக்கிறோம். ஆறாவது அணிக்கு 9 புள்ளி. கடைசி இரண்டு அணியும் கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிடும். முதல் 4 ஆட்டத்தில் தோற்கவே இல்லை. அதற்கப்புறம் 5 ஆட்டத்தில் 4 தோல்வி. கோச்சை உடனே நிறுத்திவிட்டு உதவி கோச்சிடம் அணியைக் கொடுக்கலாம் என்கிறார் தலைவர். "அவர் இருந்தால் நாங்கள் வர மாட்டோம்" என்று சீனியர் பையன்கள் நான்கு பேர் சொல்கிறார்கள். கோச்சுக்கு மாதம் 18,000 ரூபாய், ஏப்ரல் கடைசி வரை என்று வாய்ப்பேச்சு. மார்ச் சம்பளம் பாக்கி. நீக்குவது சரியா? நீக்கினால் எப்படி நீக்க வேண்டும்? கடைசி 5 ஆட்டத்தின் குறிப்புகளை அனுப்பியிருக்கிறேன்.

பதில்: உங்கள் குறிப்புகளைப் பார்த்தபின் எங்கள் கருத்து, இப்போது நீக்க வேண்டாம் என்பதுதான். காரணம் உங்கள் தாளிலேயே இருக்கிறது.

அந்த 5 ஆட்டத்தில் வாங்கிய கோல் 11. அதில் 6 கார்னரிலும் ஃப்ரீ கிக்கிலும் வந்தவை. 5 கோல் 70ஆவது நிமிடத்துக்குப் பிறகு விழுந்திருக்கின்றன. நான்கு தோல்வியில் இரண்டு, பட்டியலின் முதல் இரண்டு அணிகளிடம். இதைவிட முக்கியமானது அணிப் பட்டியல். ஒரு ஸ்டாப்பர் (பின்வரிசையின் நடுவில் தடுப்பவர்) கல்லூரிச் செய்முறைத் தேர்வு என்று 3 ஆட்டம் வரவில்லை. இன்னொருவர் தாளடி அறுவடைக்கு மெஷினோடு போய் 2 ஆட்டம் வரவில்லை. அதில் ஓர் ஆட்டத்தில் இருவருமே இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஆடியது ஒரே ஆட்டம், நீங்கள் டிரா செய்த அந்த 1-1. பின்வரிசையின் நடுவில் வாராவாரம் புது ஆள் நின்றால் கார்னரில் யார் யாரைப் பிடிப்பது என்பதே குழப்பமாகிவிடும். அதற்குக் கோச்சின் தலையை எடுத்து என்ன பயன்?

டெல்டாவில் லீக் நடத்தும் எல்லாக் கழகங்களும் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். தை, மாசியில் சம்பாவும் தாளடியும் அறுவடை. பங்குனியில் உளுந்து, பயறு பறிப்பு. கூடவே கல்லூரித் தேர்வு, உச்சி வெயில். சீசனின் பின்பாதியில் அணி சரிவதற்குப் பாதிக் காரணம் ஆள் வரத்துதான். பயிற்சிக்கு வந்தவர் எண்ணிக்கையைத் தேதிவாரியாக எழுதிப் பாருங்கள். 18 பேர் வந்த இடத்தில் 11 பேர் வருகிறார்கள் என்றால், வராத ஏழு பேரும் எங்கே போனார்கள் என்று பெயர் பெயராக விசாரியுங்கள். வயலுக்கும் தேர்வுக்கும் போனவர்கள் அதிகம் என்றால் கோச்சை மாற்றினாலும் அவர்கள் வரப்போவதில்லை. வேலை இல்லாமல், ஊரிலேயே இருந்துகொண்டு வராதவர்கள் அதிகம் என்றால் அது வேறு சேதி. அணி அவர் கையை விட்டுப் போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

"கோச்சை மாற்றியதும் அந்த அணி ஜெயிக்க ஆரம்பித்ததே" என்று கமிட்டியில் யாராவது நிச்சயம் சொல்வார்கள். உண்மைதான், அப்படி நடக்கிறது. இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி 2016இல் சாம்பியன் ஆனது. 2017 பிப்ரவரியில், 13 ஆட்டம் இருக்கும்போது, கோப்பை வாங்கித் தந்த கிளாடியோ ராணியேரியையே நீக்கியது. அவருடைய உதவியாளர் கிரெய்க் ஷேக்ஸ்பியரின் கீழ் அடுத்த 5 லீக் ஆட்டத்தையும் வென்று 12ஆம் இடத்தில் முடித்தது. ஆனால் இதே கதை வேறு மாதிரியும் முடிந்திருக்கிறது. அதே லீக்கின் பர்ன்லி 2022 ஏப்ரலில் 8 ஆட்டம் இருக்கும்போது ஷான் டைச்சை நீக்கியது. அடுத்த 4 ஆட்டத்தில் 10 புள்ளி! மிச்சம் 4 ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளி, இறங்கிவிட்டது. லீட்ஸ் யுனைடெட் 2023 மே மாதம் 4 ஆட்டம் இருக்கும்போது ஹாவி கிராசியாவை அனுப்பிவிட்டு சாம் அலர்டைஸைக் கொண்டுவந்தது. கிடைத்தது 1 புள்ளி. வாட்ஃபர்ட் 2020இல் 2 ஆட்டம் இருக்கும்போது நைஜல் பியர்சனை நீக்கி, இரண்டிலும் தோற்று இறங்கியது.

மாற்றியதும் வெற்றி வருவது ஏன் என்று புரிந்துகொள்ள வேண்டும். கமிட்டிகள் பெரும்பாலும் அணி அடிமட்டத்தில் கிடக்கும்போதுதான் கோச்சை நீக்குகின்றன. தொடர்ந்து பெரிய அணிகளோடு ஆடி, நல்ல ஆட்கள் இல்லாமல், கம்பத்தில் பட்ட பந்தெல்லாம் வெளியே போன நேரம் அது. அதற்குப் பிறகு யார் வந்தாலும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். நெதர்லாந்து லீக்கின் பல ஆண்டு ஆட்டங்களை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். அதே அளவு சரிந்து, ஆனால் கோச்சை நீக்காத அணிகளும் ஏறக்குறைய அதே மாதிரி மீண்டிருக்கின்றன. உங்களுக்கும் அட்டவணை இப்போது இளகுகிறது. மிச்சம் ஐந்தில் ஒன்று எட்டாவது அணியோடு, ஒன்று ஆறாவது அணியோடு. முன்னே இருக்கும் அணிக்கும் உங்களுக்கும் 2 புள்ளிதான் வித்தியாசம். 15 புள்ளி இன்னும் களத்தில் கிடக்கிறது.

அப்படியானால் எப்போது நீக்கலாம்? புதிதாக வருபவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு மைதானத்தில் என்ன மாற்றுவீர்கள்?" எந்த ஆள், எந்த இடம், எந்தப் பயிற்சி என்று அவர் சொல்ல முடிந்தால் பேசிப் பார்க்கலாம். "பையன்களிடம் ஒரு வெறியை ஏற்றுவேன்" என்று மட்டும் சொன்னால், அந்த வெறி இரண்டாவது ஆட்டத்தின் இடைவேளையோடு தீர்ந்துவிடும். பண மோசடி, பையன்களைக் கைநீட்டி அடிப்பது, குடித்துவிட்டு வருவது போன்றவை இருந்தால் புள்ளிப் பட்டியலைப் பார்க்கவே வேண்டாம், அன்றைக்கே நிறுத்துங்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் மீது பாலியல் தொந்தரவு என்றால் கமிட்டி கூட்டிப் பேசும் விஷயமே இல்லை. போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும், மறைப்பது தனிக் குற்றம்.

அந்த நான்கு சீனியர்களைச் சேர்த்து உட்காரவைத்துப் பேசாதீர்கள். தனித்தனியாகக் கூப்பிட்டு, என்ன நடந்தது, எந்தத் தேதியில், வேறு யார் பார்த்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். நான்கு பேரும் ஒரே சம்பவத்தைச் சொன்னால் அதில் விஷயம் இருக்கிறது. ஒருவர் "என்னை உட்காரவைத்துவிட்டார்" என்றும், இன்னொருவர் "அவர் பேசுவது பிடிக்கவில்லை" என்றும் சொன்னால், அது ஆட்ட வாய்ப்புப் பற்றிய மனத்தாங்கல். நான்கு பேர் மிரட்டிக் கோச்சை அனுப்பிவிட்டால், அடுத்து வருபவர் அணிப் பட்டியலை அவர்களிடம் காட்டிவிட்டுத்தான் எழுத வேண்டியிருக்கும்.

நீக்காமல் என்ன செய்வது? கோச்சோடு உட்கார்ந்து, கார்னர், ஃப்ரீ கிக் தடுப்பு வேலையை முழுதாக உதவி கோச்சிடம் கொடுத்துவிடுங்கள். 75 நிமிடப் பயிற்சியில் 25 நிமிடம் அதற்கே போகட்டும். எதிரணி கார்னருக்கு நிற்கும் முறை ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும்: கிட்டக் கம்பத்தில் ஒருவர், 6 கஜக் கோட்டில் மூவர், அவர்களுடைய தலையடி ஆட்களைப் பிடிக்க நால்வர், பெனால்டி பாக்ஸ் விளிம்பில் ஒருவர், நடுக்கோட்டருகே ஒருவர். பத்துப் பேரும் கணக்காகிவிட்டது. ஆள் வரவில்லை என்றால் இடம் மாறக்கூடாது, அந்த இடத்துக்கு மாற்று ஆள் வர வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு பெயர் எழுதி ஒட்டுங்கள்.

70ஆவது நிமிடத்துக்குப் பிறகு விழும் கோலுக்கு வெயில்தான் முதல் காரணம். "ஸ்டாமினா இல்லை" என்று சொல்லி மைதானத்தைச் சுற்றிப் பத்து ரவுண்டு ஓடவைத்தால் தொடைத் தசை பிடித்து இரண்டு பேர் வெளியே போவார்கள், அவ்வளவுதான் மிச்சம். சீசன் கடைசியில் பயிற்சியைக் குறைக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள், காலை 6 மணிக்குத் தொடங்கி வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். ஆட்டத்தன்று காலையிலிருந்தே உப்புப் போட்ட நீராகாரமோ நீர்மோரோ குடிக்கட்டும். இடைவேளைக்கு, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் ஓ.ஆர்.எஸ். கரைத்து வையுங்கள், கண்ணளவில் வேண்டாம். வெப்பம் அதிகமான நாளில் ஒவ்வொரு பாதியிலும் 90 விநாடி முதல் 3 நிமிடம் வரை குளிரூட்டும் இடைவேளை விட ஆட்ட விதியில் இடம் உண்டு. போட்டி விதிகளில் அது சேர்ந்திருக்கிறதா என்று ஆட்டத்துக்கு முன்பே நடுவரிடம் கேட்டுவிடுங்கள். மாற்று ஆட்களையும் 80ஆவது நிமிடம் வரை பூட்டி வைக்காமல் 60இலேயே இறக்குங்கள்.

தரையும் பார்க்க வேண்டியது. டெல்டாக் களிமண் மழையில் காலை உள்ளே இழுக்கும், பங்குனியில் கல்லாக இறுகி வெடிப்பு விடும். பந்து எழும்பும் உயரமே மாறிவிடும். ஸ்டாப்பர் தலைக்கு வரும் என்று நிற்பார், அது தலைக்கு மேல் துள்ளிப் போய்விடும். உள்ளூர் மைதானமாக இருந்தால் முந்தின நாள் மாலை இரண்டு கோல் முகங்களுக்காவது தண்ணீர் தெளியுங்கள்.

இதெல்லாம் பேசியும் கமிட்டி நீக்குவதென்றே முடிவெடுத்தால், நாளைப் பார்த்துச் செய்யுங்கள். முதலிடத்து அணியோடு ஆடுவதற்கு மூன்று நாள் முன்னால் வேண்டாம். எட்டாவது அணியோடு ஆட்டம் வருமுன், நடுவில் குறைந்தது ஒரு வாரம் இருக்கும்போது செய்தால் வருபவருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். தோற்ற அன்று மாலை மைதானத்தில் வைத்து முடிவைச் சொல்லவே கூடாது.

தலைவர் தனியாக நீக்க முடியாது. உங்கள் கழகம் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானது என்றால், உங்கள் துணைவிதிதான் வழிகாட்டி. அதில் சொன்னபடி நோட்டீஸ் கொடுத்து, கோரம் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை) பார்த்து, மினிட்ஸ் புத்தகத்தில் தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். "இன்ன தேதியிலிருந்து பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறார். அவருக்குச் சேர வேண்டிய தொகை இவ்வளவு. இந்தத் தேதிக்குள் செலுத்தப்படும்" என்று மூன்று வரி போதும். குறை, குற்றம் எதையும் தீர்மானத்தில் எழுதாதீர்கள். எழுதினால் நிரூபிக்க வேண்டிவரும்.

பண விஷயத்தில்தான் பல கழகங்கள் மாட்டிக்கொள்கின்றன. எழுத்தில் எதுவும் இல்லையே என்று நினைக்க வேண்டாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். மாதாமாதம் வங்கியில் போட்ட 18,000 ரூபாயும், "ஏப்ரல் வரைக்கும் பார்த்துக்குங்க சார்" என்ற வாட்ஸ்அப் செய்தியும் போதுமான சாட்சி. மார்ச் பாக்கி 18,000, ஏப்ரலுக்கு 18,000, ஆக 36,000 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள். அவராகக் குறைத்துக்கொண்டால் சரி, மார்ச் பாக்கியில் மட்டும் பேரம் கூடவே கூடாது. அது அவர் உழைத்து முடித்த பணம். வங்கி வழியாகச் செலுத்தி, 1 ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீதில், "கணக்கு முழுதும் தீர்ந்தது" என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

சொல்லும்போது தலைவரும் நீங்களும் மட்டும் நேரில் போங்கள். டீக்கடையில் வேண்டாம், கழக அறையோ அவர் வீடோ நல்லது. முதல் வாக்கியத்திலேயே முடிவைச் சொல்லிவிடுங்கள்: "சார், கமிட்டி நேற்று கூடி உங்களைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பது என்று முடிவு செய்திருக்கிறது. ஏப்ரல் வரைக்குமான பணம் இன்றைக்கே உங்கள் கணக்குக்கு வந்துவிடும்." அவர் கோபமாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள், பதிலுக்குப் பதில் வேண்டாம். பத்து நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். பையன்களுக்கு அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் நேரில் சொல்ல வேண்டும், அதுவரை எந்த வாட்ஸ்அப் குழுவிலும் செய்தி போகக்கூடாது. குழுவில் படித்துத் தெரிந்துகொண்ட கோச், பணம் முழுதாக வாங்கினாலும் மனசு ஆறமாட்டார், ஊரும் அவர் பக்கம்தான் பேசும்.

வாங்க வேண்டியவற்றில் பந்து, கோன், ஜெர்சி கடைசிதான். முதலில் கேட்க வேண்டியது ஆட்டக்காரர்களின் அடையாள அட்டை, பதிவுப் படிவங்கள், வயதுச் சான்று நகல்கள். பல கழகங்களில் இவை கோச்சின் பைக் பெட்டியில்தான் இருக்கும். ஆட்டத்தன்று அட்டை இல்லாமல் நின்றால் அந்த ஆட்டத்தின் புள்ளி போன மாதிரிதான். புதியவர் பெயரை மாவட்டச் சங்கத்தில் அணி அதிகாரியாக மாற்றிக் கொடுக்காமல் பெஞ்சில் உட்கார வைத்தால், நடுவர் எழுப்பி வெளியே அனுப்பலாம். அந்தக் கடிதத்தை அன்றே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

போகிறவர் கையில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த வயதுப் பிரிவு அணிக்குப் பயிற்சி கொடுத்தார் என்று கழக லெட்டர்பேடில் ஓர் அனுபவச் சான்றிதழ் கொடுங்கள். பயிற்சியாளர் லைசென்ஸ் வகுப்புக்கோ வேறு கழகத்துக்கோ போகும்போது அவருக்கு அது தேவைப்படும். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம், பண ரசீதோடு சேர்த்தே தயார் செய்து எடுத்துப் போங்கள்.