வீட்டில் அலுமினியம் வெல்டிங் செய்ய எந்த மெஷின், எந்தக் கம்பி வாங்கலாம்?

இரும்பு ஒட்டும் சின்ன இன்வெர்ட்டர் கையில் இருக்கிறது, இனி அலுமினியமும் ஒட்ட வேண்டும், டிக் (டங்ஸ்டன் முனையால் உருக்கி, கம்பியைக் கையால் கொடுப்பது) வாங்குவதா மிக் (கம்பியை மெஷினே துப்பாக்கி வழியாகத் தள்ளுவது) வாங்குவதா, கம்பி 4043ஆ 5356ஆ (இவை அலுமினியக் கலவை வகைகளின் எண்கள்) என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருகோணமலையில், உவர்மலை வீட்டுப் பின்பக்கக் கொட்டிலில் இந்த வேலை செய்கிறேன். முதலில் மெஷினை விடுங்கள். ஒட்டப் போகிற தகடு எந்த வகை அலுமினியம் என்று பாருங்கள். கம்பியை அதுதான் முடிவு செய்யும். இதை நான் படித்த விதம் நல்லதல்ல.

அத்தானுக்கு நிலாவெளியில் ஒரு படகு இருக்கிறது. புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றிப் போவார். கடலில் இறங்கி ஏறுகிற அலுமினிய ஏணிக்குக் கால் இரண்டும் தேய்ந்துபோக, "தம்பி, இதுக்கு ஒரு கால் போட்டுத் தா" என்று கொண்டுவந்தார். பழைய சாமான் கடையில் எடுத்த வெட்டுத் தகடு ஒன்று என்னிடம் இருந்தது. அதன் மேல் மையில் 5083 என்று அச்சடித்திருந்தது. கண்ணால் பார்த்தேன், பொருள் தெரியவில்லை. கடையில் கிடைத்தது 4043 கம்பி, அதாலேயே ஒட்டினேன். தையல் பளபளவென்று அழகாக வந்தது. இரண்டு கிழமை கழித்து ஒருவர் ஏறும்போது வலது கால் தகடு தையலோடு உடைந்து விழுந்தது. அவர் தண்ணீரில் விழுந்ததால் அடிபடவில்லை. எனக்கு அன்றிரவு நித்திரை இல்லை.

காரணம் இதுதான். 4043 கம்பியில் ஏறத்தாழ 5 சதவீதம் சிலிக்கன் இருக்கிறது. 5083 தகட்டில் 4 சதவீதத்துக்கு மேல் மக்னீசியம். இரண்டும் உருகிக் கலந்தால் மக்னீசியம் சிலிசைட் உண்டாகி, தையல் வளையாமல் முறிகிற சாமானாகிவிடும். அந்தத் தகட்டுக்கு 5356 அல்லது 5183 போட்டிருக்க வேண்டும். 5356இல் ஏறத்தாழ 5 சதவீதம் மக்னீசியம், தகட்டோடு அது ஒத்துப்போகும். படகு, கடல் தண்ணீர், ஆள் பாரம் என்றால் இப்போது என் கை 5356க்குத்தான் போகும்.

அதற்காக 4043ஐ ஒதுக்கவும் முடியாது. ஜன்னல் சட்டம், குழாய்களில் வரும் 6063, 6061 இரண்டுக்கும் அது நன்றாக ஓடும், வெடிப்பும் குறைவு. மோட்டார் சைக்கிள் எஞ்சின் மூடி போன்ற வார்ப்புச் சாமான்களில் பெரும்பாலும் சிலிக்கன் இருப்பதால் அங்கேயும் 4043தான். எப்போதும் சூடாக, 65 பாகைக்கு மேல் இருக்கிற இடத்தில் 5356 போடக்கூடாது. ஒட்டியபின் அனோடைஸ் (மின்சாரத்தால் மேலே ஆக்சைடு தோல் ஏற்றுவது) செய்வதானால் 4043 தையல் கறுத்துத் தெரியும், அங்கே 5356. இன்னொன்று, 6061ஐக் கம்பி போடாமல் வெறுமனே உருக்கி ஒட்டாதீர்கள், வெடிக்கும். கம்பி போட்டாலும் தையலின் பக்கத்தில் தகட்டின் பலம் ஏறத்தாழ பாதியாகக் குறையும். ஆகவே பாரம் தாங்கும் இடத்தைத் தடிப்பாகத் திட்டமிடுங்கள். 2024, 7075 என்று எண் கண்டால் ஒட்டாமல் ரிவெட் அடித்து இணையுங்கள்.

சரி, மெஷின். வீட்டு வேலைக்கு என் தேர்வு ஏசி டிக், அதாவது கரண்ட் திசை மாறி மாறி ஓடுவது; டிசியில் ஒரே திசையில்தான் ஓடும். அலுமினியம் 660 பாகையில் உருகும், அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு தோலுக்கு 2,000 பாகைக்கு மேல் வேண்டும். ஏசி கரண்டின் ஒரு பாதி அந்தத் தோலை உடைக்கும், மறு பாதி உள்ளே சூடு கொடுக்கும். டிசி மட்டும் உள்ள டிக்கில் அந்தச் சுத்தம் நடக்காது. மலிவாகக் கிடைப்பவற்றில் பல டிசிதான். கடையில் "அலுமினியமும் ஒட்டும்" என்றாலும் முகப்பில் ஏசி என்ற தெரிவைக் கண்ணால் கண்ட பிறகே பணம் கொடுங்கள். உங்களிடம் இருக்கும் இன்வெர்ட்டரும் டிசியாகத்தான் இருக்கும். அதில் பூச்சுப் பூசிய அலுமினிய றொட்டால் ஒட்ட முடியும், ஆனால் தையல் கரடுமுரடு. மிஞ்சும் பூச்சைச் சுடுதண்ணீரில் தேய்த்துக் கழுவாவிட்டால் அலுமினியத்தை அரித்துவிடும்.

ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்கு 40 ஆம்பியர் என்று கணக்கு வையுங்கள். 3 மில்லிமீட்டர் தகட்டுக்கு 120 வரும், 200 ஆம்பியர் மெஷின் போதும். எங்கள் வீடுகளில் பெரும்பாலும் 30 ஆம்பியர் சிங்கிள் பேஸ் இணைப்புத்தான். 13 ஆம்பியர் சொக்கெட்டில் செருகி இந்த மெஷினை ஓட்டாதீர்கள். மெஷின் எவ்வளவு இழுக்கும் என்று பின்பக்கத் தகட்டில் பார்த்து, தனி வயரும் பிரேக்கரும் மின் வேலைக்காரரிடம் போடுவியுங்கள். டியூட்டி சைக்கிள் 60 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம்தான் வேலை, மிச்சம் ஓய்வு. ஆடி மாத வெயிலில் தகரக் கொட்டிலுக்குள் அதையும் கொஞ்சம் குறைத்தே நம்புங்கள்.

மிக் எப்போது? 3 மில்லிமீட்டருக்கு மேல் நீளத் தையல்கள் நிறைய இருந்தால். அலுமினியக் கம்பி மென்மையானது, மூன்று மீட்டர் குழாய்க்குள் தள்ளினால் உள்ளே சுருண்டு சிக்கிவிடும். ஆகவே கம்பிச் சுருள் துப்பாக்கியிலேயே இருக்கும் ஸ்பூல் கன் வேண்டும். 5356 சற்று விறைப்பு, அதனால் 4043ஐவிட இலகுவாகப் போகும். மெல்லிய தகட்டில் மிக் ஓட்டை போட்டுவிடும்.

எதை வாங்கினாலும் காஸ் தூய ஆர்கன். இரும்புக்குப் போடும் கார்பன் டைஆக்சைடு கலவை இதற்குக் கூடவே கூடாது. மெஷின் வாங்கும் முன்னரே சிலிண்டர் நிரப்பித் தருபவரிடம் கதைத்துவிடுங்கள். டிக்குக்கு நிமிடத்துக்கு 8 முதல் 10 லீட்டர் போதும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்த ஆர்கன் தையல் மேல் நிற்காது, பறந்துவிடும். நான் கொட்டிலில் தார்ப்பாயைக் கட்டி, காற்று எழும் முன் விடியற்காலையில் ஒட்டுகிறேன். மாரியில் வேறு தொல்லை: ஈரம் பட்ட கம்பியிலிருந்து ஹைட்ரஜன் புகுந்து தையல் முழுக்க ஊசித்துளை விழும். கம்பிகளை இரண்டு பக்கமும் மூடியிட்ட பிவிசி குழாயில் வைத்து, எடுக்கும்போது அசிட்டோன் துணியால் துடைக்கிறேன். தகட்டையும் முதலில் அசிட்டோனால் துடைத்து, பிறகு அலுமினியத்துக்கென்றே வைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷால் தேயுங்கள். முறை மாறினால் எண்ணெய் உள்ளே அழுந்திவிடும். குளோரின் உள்ள பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு வெல்டிங் செய்யவே வேண்டாம், ஆளைக் கொல்லும் ஃபொஸ்ஜீன் வாயு வரும். பெட்ரோல் டாங்கி கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள்.

தொடங்க 2.4 மில்லிமீட்டர் நீல முனை டங்ஸ்டன், 2.4 மற்றும் 1.6 கம்பி போதும். முடிக்கும் இடத்தில் கரண்டைச் சட்டென்று விடாமல் குறைத்துக்கொண்டே இன்னொரு துளி கம்பி கொடுங்கள், இல்லாவிட்டால் குழியில் வெடிப்பு விழும்.

அத்தானின் ஏணிக்கு மறுபடி 5356இல் கால் போட்டேன். அதற்கு முன் அதே தகட்டில் இரண்டு துண்டு ஒட்டி, வைஸில் பிடித்துச் சுத்தியலால் மடக்கிப் பார்த்தேன். முதலில் 4043 துண்டு ஓசையோடு முறிந்தது. 5356 துண்டு வளைந்தது, முறியவில்லை. உங்கள் முதல் வேலைக்கு முன் அதே தகட்டில் இரண்டு துண்டு ஒட்டி இப்படி மடக்கிப் பாருங்கள்.