அக்ரிமெண்ட் போட்ட நிலத்தை வேறொருவருக்குக் கைமாற்றலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கத்தில் ஒரு பெரியவரின் 6 மா (சுமார் 2 ஏக்கர்) நஞ்சைக்கு ரூ.50,000 முன்பணம் கொடுத்து, மூன்று மாதக் கெடுவில் அக்ரிமெண்ட் போடப் போகிறேன். கிரயம் வாங்குவது நானல்ல. கெடுவுக்குள் வேறு ஆளைப் பிடித்து அவர் பெயருக்கு எழுதச் சொல்லி, இடையில் நிற்கும் தொகையை எடுத்துக்கொள்வேன். தொழிலுக்குப் புதியவன். 20 ரூபாய் பத்திரத்தில் எழுதினால் போதுமா?

பதில்: போதாது தம்பி. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிந்தால் வில்லங்கத்தில், அதாவது சொத்தின் மேல் உள்ள பதிவுகளைக் காட்டும் சான்றில், ஏறும். வேறு யார் வாங்க வந்தாலும் உங்கள் ஒப்பந்தம் கண்ணில் படும்.

அப்புறம், அக்ரிமெண்ட் போட்டதும் நிலம் உங்களுடையதாகிவிடாது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. உங்கள் கையில் இருப்பது, கிரயம் எழுதித் தரும்படி கேட்கும் உரிமை மட்டும்தான். வாங்க வருபவரிடம் ‘என் இடம்’ என்று சொல்லி அட்வான்ஸ் வாங்கினால் மோசடிப் புகாரில் போய் நிற்கும்.

கைமாற்றுவதே தப்பா என்றால், இல்லை. ஆனால் ‘தங்கள் பெயருக்கோ தாங்கள் சொல்லும் நபர் பெயருக்கோ கிரயம் எழுதிக் கொடுக்கச் சம்மதிக்கிறேன்’ என்ற வரி பத்திரத்தில் இருக்க வேண்டும். அதைப் பெரியவருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் லாபம் வைத்து விற்கப் போவதையும் சொல்லிவிடுங்கள். பதிவு நாளன்று வாங்குபவர் வாயால் உண்மை விலையைக் கேட்டு, கையெழுத்துப் போடாமல் எழுந்து போனவரை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப் போனால் வழக்குப் போடலாம்தான். ஆனால் முழுத் தொகையோடு வாங்கத் தயாராக இருந்ததாக நீங்கள் நிரூபிக்க வேண்டும். உங்களிடம் அந்தப் பணம் இல்லையே!

பூர்வீகச் சொத்தா, பெண் பிள்ளைகளுக்குப் பங்கு உண்டா என்று முதலில் பாருங்கள். பட்டாவைப் பார்த்ததோடு விட்டுவிடாதீர்கள். வரப்பில் போய் நின்று, குறுவை நெல் நட்டது யார் என்று விசாரியுங்கள். நம் பக்கத்தில் பட்டா ஒருவர் பெயரில் இருக்கும், பல வருடமாக உழுவது இன்னொருவராக இருக்கும். குத்தகை சாகுபடிதாரருக்கு 1955-ஆம் ஆண்டு சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. நிலம் கைமாறியதைச் சொல்லி அவரை வெளியேற்ற முடியாது.

கெடு தவறினால் முன்பணம் என்னாகும் என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். ஆள் கிடைக்கவில்லையென்றால், நீங்களே போய் ரத்து ஆவணம் பதிந்து கொடுங்கள். வில்லங்கத்தில் உங்கள் பெயர் அப்படியே கிடந்தால், அந்தப் பெரியவர் மகள் கல்யாணத்துக்குக்கூட அதை விற்க முடியாமல் தவிப்பார்.